மீரா உசேன் பிடித்த கொடுவா

நாகூர் தர்கா பக்கத்தில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் மீரா உசேன் இதுவரை பிடித்த கொடுவா மீன்களை வரிசையாகப் படுக்கவைத்தால் தலை காரைக்காலிலும் வால் நாகப்பட்டினத்திலும் கிடக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சைக் கிளப்பியவர் மீரா உசேன்தான். ஒரு கொடுவா அவரைப் படகோடு வேளாங்கண்ணி வரை இழுத்துப் போய்விட்டதாம். திரும்பி வர பஸ்ஸுக்குக் காசில்லாமல் அதே மீனிடம் கெஞ்சிக் கொண்டுவந்து விடச் சொன்னாராம். இன்னொன்றின் வயிற்றில் செல்போன் இருந்ததாம். துடைத்துப் பார்த்தால் சார்ஜ் பாதி மிச்சமாம்.

உண்மை என்னவென்றால், மனிதர் தம் ஆயுளில் ஒரு கொடுவாகூடப் பிடித்ததில்லை.

இளமை முழுவதையும் பஹ்ரைனில் ஒரு துணிக்கடையின் ஏசிக் காற்றில் நின்றே கழித்தவர் அவர். லீவு நாளில் துறைமுகத்தில் யார் யாரோ தூண்டில் போடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊர் திரும்பினால் வெட்டாற்றில் படகில் உட்கார்ந்து மீன் பிடிக்க வேண்டும் என்பது அப்போது விழுந்த ஆசை. திரும்பினார், உட்கார்ந்தார், மீன்தான் வரவில்லை. அவர் தேர்ந்தெடுத்த காலம் அப்படி. மார்கழிப் பனியில் கொடுவா பாலத்தூண் அடியில் ஆழமாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். வாயைத் திறக்கவே யோசிக்கும். ஆனால் அப்போதுதான் ஆறும் ஆளில்லாமல் கிடக்கும். மீன் கடிக்காத காலமும் யாரும் பார்க்காத காலமும் ஒன்றாக அமைந்தது அவருக்கு வசதியாகப் போயிற்று.

முதல் மார்கழியில், வெறுங்கையோடு திரும்பிய ஒரு காலையில், பஸ் நிலையத்தருகே மீன் விற்கும் அம்சவல்லியிடம் நல்ல கொடுவா ஒன்றை வாங்கினார். அதன் வாயில் தூண்டில் முள்ளை மாட்டி, கைலியை முழங்கால் வரை ஆற்றில் நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி பாத்திமா பார்த்துவிட்டு “மாஷா அல்லாஹ்!” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக அப்புறம் ஒவ்வொரு மார்கழியும் வாங்கினார்.

இது தெரிந்த ஒரே ஆள் துரைக்கண்ணு. ஆற்றுக்கு அக்கரையில் குத்தகைக்குச் சம்பா பயிர் வைத்திருப்பவர். படகு அவருடையது, துடுப்புப் போடுவதும் அவர்தான். யாராவது கேட்டால் பாய் பிடித்ததாகச் சொல்லும் ஒரு மீனுக்கு இன்னும் இரண்டு சேர்த்துச் சொல்லுவார், அவ்வளவு நட்பு.

போன வருஷம் மகள் பர்வினுக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளை ஆஸிம் பாபநாசத்துக்காரன். வயலும் வாய்க்காலுமாகப் பார்த்து வளர்ந்தவன். தம்மாமில் சூப்பர் மார்க்கெட் வேலை. லீவில் வந்தால் நாகூரில் பெண் வீட்டில்தான் தங்கல். மாமனாரின் மீன் கதைகளை அவன் ஒருவன்தான் கண்ணிமைக்காமல் கேட்பான். கேட்டுக் கேட்டு ஒருநாள் சாப்பாட்டில் வாயைத் திறந்தான்.

“மாமா, நாளைக்கு நானும் வர்றேன். நீங்க பிடிக்கிறதை நேர்ல பாக்கணும்.”

மீரா உசேன் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். “பனி மாப்பிள்ளை. உங்களுக்கு ஒத்துக்காது.”

“நான் தம்மாம்ல ஃப்ரீசர் ரூம்ல நிக்கிறவன் மாமா. இந்த வாரம் ஃபிளைட்டு. இதை விட்டா அடுத்த லீவுதான்.”

“கூட்டிட்டுத்தான் போங்களேன்,” என்றாள் பாத்திமா. “மாப்பிள்ளையக் கண்டா மீனு வெக்கப்படுமா?”

மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் அம்சவல்லியிடம் போக முடியாது. வெறுங்கையோடு வந்தால் ஒருநாள் அதிர்ஷ்டம் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம். ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. துரைக்கண்ணு சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். மாலை கழுத்தில் இருக்கும்வரை அவர் பொய் சொல்ல மாட்டார். மாப்பிள்ளை அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் போதும், மீரா உசேனின் மானம் வெட்டாற்றோடு போய்விடும்.

மறைவாகப் போய்ப் போன் செய்தார்.

“சாமி, ஒரு உதவி.”

“தெரியும் பாய், சொல்லாதீங்க. பொய் பேச மாட்டேன். தூண்டில் நரம்பைத் தொட மாட்டேன், மீனைத் தொட மாட்டேன். துடுப்பு மட்டும் போடுறேன். அதுகூட உங்களுக்கு நீச்சல் தெரியாதேன்னு பாவம் பாத்துத்தான்.”

“பொய் சொல்ல வேணாம் சாமி. உண்மையைச் சொல்லாம இருந்தாப் போதும்.”

“பாக்கலாம்,” என்று வைத்துவிட்டார் துரைக்கண்ணு.

விடியுமுன் மூவரும் படகேறினார்கள். அன்றைய பனி எப்படிப்பட்டது என்றால், பாலத்தின் மேல் போகும் பஸ் அடித்த ஹாரன் பனியில் சிக்கிக்கொண்டு, பஸ் காரைக்கால் போய்ச் சேர்ந்த பிறகுதான் கீழே வந்து விழுந்தது. மீரா உசேன் குரங்குக் குல்லாவுக்குள் இருந்தார். துரைக்கண்ணு அந்தக் குளிரிலும் ஆற்றில் முங்கி எழுந்து, கறுப்பு வேட்டியும் ஈரத் தலையுமாக, பற்கள் தந்தியடிக்க உட்கார்ந்திருந்தார். படகைப் பாலத்தூணில் கட்டி, உயிர் இறாலை முள்ளில் கோத்து இறக்கினார்கள். நரம்பு சுற்றிய கட்டையை மீரா உசேன் படகின் பின்பலகைக்கு அடியில் செருகிவைத்தார்.

ஆஸிம் கேட்டுவிட்டான். “சாமி, மாமா இந்த எடத்துல எத்தனை கொடுவா பிடிச்சிருப்பாங்க?”

துரைக்கண்ணு கண்ணை மூடினார். “சாமியே சரணம் ஐயப்பா!”

“ரொம்பப் பெருசு எது சாமி?”

“அரிகரசுதனே சரணம் ஐயப்பா!”

“பக்தியில இருக்காரு மாப்பிள்ளை, தொந்தரவு பண்ணாதீங்க,” என்றார் மீரா உசேன். குல்லாவுக்குள் அவருக்கு வியர்த்தது.

கரையிலிருந்து சுபுஹு, அதிகாலைத் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. நல்லவேளை என்று எண்ணிக்கொண்டார். ஆற்றுத் தண்ணீரில் கை கால் முகம் கழுவி ஒளு செய்து, மேற்கே பார்த்து உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பின்னால் வைத்துத் தொழுகை நடத்தினார். கேள்விகளிலிருந்து தப்புவதற்காகவும், மாப்பிள்ளை மெச்சுவதற்காகவும், தமக்கு மனப்பாடமாக இருந்ததிலேயே நீளமான குர்ஆன் சூராவை எடுத்தார்.

சூராவின் நடுவில் பின்பலகைக்கு அடியில் கட்டை கடகடவென்று ஆடியது.

“பாய்!” என்றார் துரைக்கண்ணு. “பாய், கடிச்சிருச்சு!”

மீரா உசேனின் குரல் ஒரு நொடி இடறியது, பிறகு ஓதியது. தொழுகையை விட மனம் வரவில்லை. மீன் கிழக்கே, கடலைப் பார்த்து ஓடியது. தொழுகிறவர்கள் மேற்கே பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் நரம்பைத் தொடாமல் விரதம். இருவர் திரும்ப முடியாமல் தொழுகை. அப்படி ஒரு வசதி அந்தக் கொடுவாவின் பரம்பரையில் எந்த மீனுக்கும் கிடைத்திருக்காது.

“கட்டையில நரம்பு தீரப் போவுது பாய்! என்ன செய்ய... நான் தொடக் கூடாதே... சரி, படகு ஓட்டுறது பாவம் இல்ல!” துரைக்கண்ணு தூணில் கட்டிய கயிற்றை அவிழ்த்தார். மீன் போன போக்கில் படகும் போனால் நரம்பு அறாது. ஆனால் படகைத் திருப்பினால் இவர்கள் தொழும் திசையான கிப்லா திரும்பிவிடும். ஆகவே படகின் மூக்கை மேற்கே வைத்தபடியே, துடுப்பை மாற்றிப் போட்டு, பின்பக்கமாகவே கிழக்கே ஓட்டினார். “மேற்கு மாறாம நான் பாத்துக்கிறேன் பாய், நீங்க பதறாம ஓதுங்க! ஐயோ, குதிக்குது! வாயில முள்ளு நல்லா ஏறியிருக்கு! சரணம் ஐயப்பா!”

சுஜூதில் நெற்றி பலகையில் பட்டபோது மீனின் ஒவ்வொரு உதறலும் மரத்தின் வழியாக நேரே மீரா உசேனின் மண்டைக்குள் இறங்கியது. தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் தமக்குத் தெரிந்ததிலேயே குட்டி சூராவை ஓதினார். சுபுஹில் குனூத் பிரார்த்தனை வேறு உண்டு; அதையும் ஒரு சொல் விடாமல் ஓதினார். பின்னால் மாப்பிள்ளை சொன்ன ஆமீன்கள் ஒவ்வொன்றும் முன்னதைவிட அவசரமாக வந்தன. தொழுகையை முடிக்க வலப்பக்கம் ஸலாம் கொடுத்தார். இடப்பக்கம் ஸலாம் கொடுக்கத் திரும்பிய முகத்தோடு உடம்பும் திரும்பி நரம்பின்மேல் விழுந்தது.

கட்டையில் மிச்சமிருந்தது கடைசிச் சுற்று. இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். கையைச் சுற்றி நரம்பு அறுத்தது. ஆஸிம் வாளியைத் தண்ணீருக்குள் விட்டு மீனை அள்ளிப் போட்டான். வாளியில் வால் துடித்தது. கொடுவா. அம்சவல்லியிடம் வாங்கியதில்லை.

முழங்கை நீளம்கூட இல்லை.

“மாமா!” என்று கத்தினான் ஆஸிம். மீரா உசேன் வாளிக்குள் பார்த்துக்கொண்டே இருந்தார். துரைக்கண்ணு முகத்தைத் திருப்பிக்கொண்டு கரைக்குத் துடுப்புப் போட்டார்.

வீட்டில் பாத்திமா மீனை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள்.

“ஏங்க, இன்னைக்கு அம்சவல்லிகிட்ட பெருசு இல்லையா? மாப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இத்தினிக்காணு வாங்கிட்டு வந்திருக்கீங்க.”

பாத்திமாவுக்கு முதல் மார்கழியிலேயே தெரியும் என்பது மீரா உசேனுக்கு அந்த நிமிஷம்தான் தெரிந்தது. பர்வின் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். ஆஸிம் மாமனாரைப் பார்த்தான். ஆற்றில் கேட்ட சரணங்களுக்கெல்லாம் இப்போது அவனுக்குப் பொருள் விளங்கியது.

“மாமி,” என்றான், “இது மாமா பிடிச்சது. நான் பக்கத்துலயே இருந்தேன்.” பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னான்: மேற்கே பார்த்துத் தொழுதது, கிழக்கே பின்பக்கமாகப் படகு போனது, ஐயப்ப சாமி துடுப்புப் போட்டது, ஸலாம் கொடுத்த கையோடு மீனை இழுத்தது.

பாத்திமா முழுவதையும் கேட்டாள்.

“வேளாங்கண்ணிக்குப் போனதையாவது நம்பலாம்,” என்றாள். “என்னங்க, வந்த லீவு முடியல, அதுக்குள்ள மாப்பிள்ளைக்கும் பழக்கி விட்டுட்டீங்களே!”

மதியம் குழம்பு வைத்தாள். அந்த வீட்டில் மீன் தலை புது மாப்பிள்ளைக்குத்தான். பாத்திமா தலையை ஆஸிமின் தட்டில் வைத்தாள். அவன் அதை எடுத்து மீரா உசேனின் தட்டுக்கு மாற்றினான்.

“பிடிச்சவங்க சாப்பிடட்டும் மாமி.”

பாத்திமா கரண்டியோடு நின்றாள். மாப்பிள்ளையைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள், அவருடைய வலது கையில் நரம்பு அறுத்திருந்த சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள்.

அந்தத் தலையில் கறி ஒன்றும் அதிகமில்லை. மீரா உசேன் அதைத் தின்று முடிக்க வெகுநேரம் ஆனது.