யாருக்கு முதல் பல்

எனக்கும் என் கணவரின் தங்கைக்கும் ஒரே மாதத்தில் பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். மச்சாளின் மகள் கொழுகொழுவென்று இருந்தாள். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவளைத்தான் முதலில் தூக்கினார்கள். என் மகள் பால் குடிக்கவே களைத்துப்போவாள். எனக்கு வயிறு எரியும்.

அதனால்தான் என் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, பல் முளைக்கிற காய்ச்சல் என்று கணவரின் அம்மாவான மாமி சொன்னதும் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். இதிலாவது நாங்கள் முந்திவிடுவோம். மச்சாளுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன்.

காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது. பல் வரவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் செய்த டாக்டர், பிறவியிலேயே அவளுடைய இதய வால்வு ஒன்று சரியில்லை, இரத்தத்தில் சேர்ந்த கிருமி அதில் பிடித்துவிட்டது என்றார். கிழமைக்கணக்கில் ஊசியால் மருந்து ஏற்ற வேண்டுமாம். வால்வு தப்புமா என்று பிறகுதான் சொல்லலாமாம்.

கையில் நரம்பு கிடைக்காமல் காலில் குத்தினார்கள். கால் வீங்கியதும் தலையில் குத்தினார்கள். அப்படி இருந்த ஒரு நாள்தான் மச்சாளின் மகளுக்குப் பல் முளைத்த படம் போனுக்கு வந்தது. போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த நாள் மச்சாளே வந்தாள். முதல் பல் வந்த பிள்ளையின் தலையில் கொழுக்கட்டை கொட்டுகிற பல்லுக்கொழுக்கட்டைச் சடங்குக்குச் சொல்ல வந்திருக்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இப்ப கொட்டாமல் விடுறம், மச்சாள். இவளுக்கும் பல்லு வரட்டும். ரெண்டு பேருக்கும் ஒண்டாய்க் கொட்டுவம்" என்றாள்.

அந்த நல்ல மனதும் எனக்குப் பொறுக்கவில்லை. காத்திருக்க அவளுக்கென்ன, அவள் பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள்.

ஒருவழியாகக் கிருமி அழிந்தது. வால்வில் கொஞ்சம் கசிவு இருக்கிறது, இப்போதைக்கு ஒப்பரேஷன் வேண்டாம் என்று வீட்டுக்கு விட்டார்கள். பல்லும் வந்தது. பல்லைக் கவனமாகப் பார்க்கச் சொன்னார் டாக்டர், வாயிலிருந்தும் கிருமி இதயத்துக்குப் போகுமாம். ஊரே கொண்டாடுகிற பல்லைப் பார்த்து நான் பயந்தேன்.

நீர்வேலியில் மச்சாள் வீட்டில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, வெள்ளைத் துணியைத் தலைக்கு மேல் பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். மச்சாளின் மகள் திடுக்கிட்டு வீரிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்கடை சின்னவளைப் பாருங்கோ, அழவேயில்லை. கெட்டிக்காரி" என்று என் மகளை மாமி மெச்சினார்.

ஊசி குத்தப் பிடிக்கும்போது கிடப்பாளே, அப்படியே அசையாமல் இருந்தாள் என் மகள். பக்கத்தில் மற்றவள் அழுதுகொண்டே இருந்தாள். அந்த அழுகையைக் கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது.