ஜெபமலரின் புறங்கை

முதலில் புறங்கையால்தான் தொடுவார் ஜெபமலர். காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தில் கை வைப்பதுபோலக் கணினிப் பெட்டியின் தகட்டில் புறங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருப்பார். மின்சாரம் கசிகிற பெட்டியை உள்ளங்கையால் தொட்டால் விரல்கள் மடங்கி அதையே பிடித்துக்கொள்ளும், புறங்கையால் தொட்டால் கை தானே விலகி ஓடிவிடும் என்பது அவருடைய விளக்கம். "நோவு பாக்கதுக்குத்தான் புறங்கை. உள்ளங்கை சோறு திங்க" என்பார். அதன் பிறகுதான் ஸ்குரூ டிரைவர் அவர் கொண்டையிலிருந்து வெளியே வரும். மற்ற பெண்கள் பூ வைக்கிற இடத்தில் அவர் அதைச் செருகிவைத்திருக்கிறார்.

வீட்டாரிடம் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"கடைசியா ஆரு தொட்டது?"

யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். திருவனந்தபுரத்தில் கரமனையிலும் சரி, சாலைக் கடைத்தெருவிலும் சரி, கெட்டுப்போன கணினியை வீட்டில் ஒருவர் தொட்டதாகச் சரித்திரமே இல்லை. அது பாட்டுக்கு ஒரு மூலையில் இருந்தது, அது பாட்டுக்குப் படுத்துவிட்டது. ஜெபமலர் அத்தனையையும் நம்பியவர்போலத் தலையை ஆட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலியைக் காட்டினால், "அதுல இருந்தா திரை மட்டுந்தான் தெரியும். ஆளு கீழயில்லா கெடக்கு" என்பார். கணினி அவருக்கு எப்போதும் ‘ஆளு’தான். கழற்றிய திருகாணிகள் அவருடைய சோற்று டப்பாவின் மூடியில் விழும். சாயா கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடுவார். "ஆளு எழும்பட்டு. பெறவு குடிக்கேன்." அவர் சூடாகச் சாயா குடித்து நான் பார்த்ததில்லை.

சொந்த ஊர் மார்த்தாண்டத்துக்குப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவர். இப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் சின்ன அறை வைத்திருக்கிறார். அறையில் இருக்கும் நேரத்தைவிட ஸ்கூட்டரில் இருக்கும் நேரம் அதிகம். அந்த ஸ்கூட்டரை அவர் ஓட்டும் விதத்தைப் பற்றி நான் எழுதாமல் இருப்பதே நல்லது. கிள்ளிப்பாலம் சந்திப்பில் நகரப் பேருந்தே அவருக்கு ஒதுங்கி வழிவிட்டதைப் பார்த்திருக்கிறேன். கணினியோடு சேர்ந்த எதையும் பழுது பார்ப்பார், பிரிண்டரைத் தவிர. "அது எனக்கு வேண்டாம் சாரே. அதுக்கு மனசாட்சி கெடையாது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்.

எல்லாம் தெரிந்தவர் என்று சொல்ல மாட்டேன். சில நாள் மதியம் முழுவதும் தவறான இடத்தில் நோண்டிவிட்டு, "அதுல்ல" என்று சிரித்தபடி மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அவருடைய தனித்தன்மை வேறு இடத்தில் இருக்கிறது. ஆளுக்கு என்ன நோய் வந்திருந்தாலும் வீட்டாரிடம் அவர் சொல்லும் காரணம் ஒன்றே ஒன்றுதான். மழை ஈரம்.

பழவங்காடிப் பக்கம் என் நண்பர் மகேஷ்குமாரின் வீட்டுக்கு அவரை நான்தான் அழைத்துப்போனேன். கீபோர்டைக் கவிழ்த்தபோது பால்பாயசம் வடிந்தது. மகேஷ்குமாரின் முகம் போன போக்கைப் பார்த்தாலே பாயசத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தவர் யார் என்று தெரிந்துவிடும். ஜெபமலர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மழ ஈரமாக்கும்."

மகேஷ்குமாரின் மனைவி கௌசல்யா லேசில் விடுகிறவர் அல்ல. "மழையில ஏலக்கா மணக்குமா?" என்றார்.

"இந்த வருசத்து மழ ஒரு மாதிரியில்லா, அக்கா."

கௌசல்யாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வாசலுக்கு வந்த பிறகு, உள்ளதைச் சொன்னால் என்ன என்று ஜெபமலரிடம் கேட்டேன். "நான் வந்தது கம்ப்யூட்டர எழுப்ப. நான் போனப் பெறவு அங்க சண்ட எழும்பினா அத ஆரு வந்து சரியாக்குவா?" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். திருவனந்தபுரத்தில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மழைக்கு வராது. யாருடைய பழியைப் போட்டாலும் அது பேசாமல் வாங்கிக்கொள்ளும்.

அவருக்கு வேலை நெருக்குகிற நாள் விஜயதசமி. அஷ்டமி மாலையில் புத்தகங்களோடும் கருவிகளோடும் சேர்த்துக் கணினியையும் பூஜையில் வைத்துவிடுவார்கள். நவமி முழுக்க யாரும் தொடக் கூடாது. தசமி காலையில் எடுத்துப் பார்த்தால் ஆளு அசைய மாட்டேன் என்று கிடக்கும். பொரியையும் வெல்லத்தையும் தேடி வந்த எறும்புகள் உள்ளே குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும், இல்லையென்றால் காற்றுத் துளைகளில் அட்சதை அடைத்திருக்கும். "கிறிஸ்மசுக்குக்கூட எனக்கு இத்தன விளி வராது" என்று அடிக்கிற போனைப் பார்த்துச் சொல்வார்.

போன விஜயதசமியன்று என் பக்கத்து வீட்டிலிருந்தும் அவருக்கு ஒரு விளி போயிற்று.

பக்கத்து வீட்டில் இருப்பவர் அனந்தலக்ஷ்மி டீச்சர். பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். அண்ணன் நீலகண்டன் சாரும் அவருமாக இருக்கிறார்கள். இருவரும் துணையை இழந்தவர்கள். புனேயில் இருக்கும் மகள், அம்மா தன்னோடு வந்துவிட வேண்டும் என்று ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தாள். டீச்சர் அவளிடம் ஒரு தவணை வாங்கியிருந்தார். விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு இணையத்தில் கணக்கு வகுப்புத் தொடங்குவது. அது நடந்துவிட்டால் கரமனையிலேயே இருப்பது. நடக்காவிட்டால் வாதாடாமல் புனேக்குப் போய்விடுவது. ஷார்ஜாவிலும் பெங்களூருவிலுமாக ஆறு பிள்ளைகள் சேர்ந்திருந்தார்கள். எழுதிக் காட்டுவதற்கென்று ஒரு பலகையும் பேனாவும் வாங்கிக் கணினியோடு இணைத்து, கை பழகும்வரை எழுதி எழுதிப் பார்த்தார் டீச்சர்.

அந்த வகுப்பு நடக்க வேண்டுமென்று டீச்சரைவிட அதிகமாகத் தவித்தவர் நீலகண்டன் சார். தங்கை போய்விட்டால் அந்த நீளமான வீட்டில் அவர் ஒருவர்தான். அதை அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் பூஜையில் சொல்லிவிடுகிறவர். எந்தப் பொருளுக்கும் ஒரு நெற்றி உண்டு, அதைத் தேடிப்பிடித்துத்தான் சந்தனம் வைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. வீணைக்கு யாளி முகத்தில், தையல் மிஷினுக்குச் சக்கரத்தின் நடுவில், அகராதிக்கு அட்டையின் உச்சியில் என்று வைத்துக்கொண்டே வருவார். அந்த வருடம் முதன்முறையாகப் பூஜைக்கு வந்த கணினிப் பெட்டியை வெகு நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்து அதற்கும் ஒரு நெற்றியைக் கண்டுபிடித்திருந்தார்.

தசமி காலையில் பெட்டியைத் துடைத்து, மேஜையடிக்குக் கொண்டுவந்து பட்டனை அழுத்தினார்கள். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, ஐந்து எண்ணுவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. மறுபடி அழுத்தினார்கள். மறுபடியும் அதே கதை. எனக்குச் சத்தம் கொடுத்தார்கள். நான் ஜெபமலரின் எண்ணைக் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே போனேன்.

நீலகண்டன் சார் கொலுவுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார். "நான் எல்லாம் முறையாத்தானே பண்ணினேன்" என்றார். என்னிடம் சொல்லவில்லை, கொலுவிடம் சொன்னார். என் லாப்டாப்பைக் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம், கேட்டேளா. பூஜைல வெச்சதுலதான் ஆரம்பிக்கணும். அம்பாளுக்கே இஷ்டமில்லேன்னா நாம என்ன பண்ண முடியும்."

டீச்சர் எழுதும் பலகையின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டிய வயரைப் பிரித்து இன்னும் ஒழுங்காகச் சுருட்டினார். 

தெருமுனையில் ஸ்கூட்டர் அலறியது. ஜெபமலர் வந்தார், பெட்டியின் தகட்டில் புறங்கையை வைத்தார், வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ரெண்டு நாளா ஒருத்தரும் தொடலை" என்றார் நீலகண்டன் சார். "பூஜைலயாக்கும் இருந்தது."

"ஓ" என்றார் ஜெபமலர். டீச்சர் காபி கொண்டுவந்தார். அது ஓரமாகப் போயிற்று.

பெட்டியைக் கொலுவுக்கும் மேஜைக்குமாகத் தூக்கியதில் உள்ளே ஏதோ இளகியிருக்கும் என்று ஜெபமலர் நினைத்தார். ‘ராம்’ என்கிற பட்டைத் தகட்டைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, மறுபடி பொருத்தினார். பட்டனை அழுத்தினார். விசிறி சுற்றி அடங்கியது. "அதுல்ல" என்றார். சிரிக்கவில்லை. ஷார்ஜாவிலிருந்து ஒரு பிள்ளையின் அம்மா, ‘டீச்சர், அவன் குளித்து உட்கார்ந்துவிட்டான்’ என்று செய்தி அனுப்பியிருந்தார். டீச்சர் அதை எனக்குக் காட்டிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜெபமலர் பிறகு முன்பக்கப் பட்டனிலிருந்து உள்ளே வருகிற வயரைப் பிடுங்கிவிட்டு, அது செருகியிருந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊசிகளையும், பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக, ஸ்குரூ டிரைவரின் முனையால் ஒரு கணம் சேர்த்துத் தொட்டார்.

"எழும்பு மக்ளே."

விசிறி சுற்றியது. நாங்கள் எல்லோரும் மனசுக்குள் எண்ணினோம். ஐந்து தாண்டியது. பத்து தாண்டியது. திரை வெளுத்து, நீலமாகி, டீச்சரின் பேத்தி படத்தோடு நின்றது. 

"ஆளுக்கு ஒண்ணுமில்ல டீச்சர். நீங்க பாடம் எடுங்க. எனக்கு இங்க கீழ கொஞ்சம் வேல உண்டு."

அப்படித்தான் அந்த வகுப்புத் தொடங்கியது. மேஜைக்கு மேலே டீச்சர், மேஜைக்கு அடியில் ஜெபமலர். டீச்சர் பலகையில் ஒரு வட்டம் போட்டு, "இது என்ன?" என்று கேட்டார். ஒரு பிள்ளை சைபர் என்றது, இன்னொன்று வட்டம் என்றது. பெங்களூருப் பெண் ஒருத்தி தோசை என்றாள். டீச்சர் சிரித்த சிரிப்பைக் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கும் மனசு நிறைந்துவிட்டது.

கீழே ஜெபமலர் பெட்டியின் முகப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வட்டப் பட்டனை நெம்பி எடுத்தார். நானும் குனிந்து பார்த்தேன். அதன் பின்னால் சுற்றிலும் சந்தனம் வழிந்து உலர்ந்து, சுண்ணாம்புபோல இறுகிக் கிடந்தது. பட்டனை விடாமல் அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் அல்லவா? இது ஒரு முறை அழுத்தினால் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டு அழுந்தியபடியே நின்று, கணினி அணைந்த பிறகுதான் மெல்ல வெளியே வந்திருக்கிறது. அதுதான் நீலகண்டன் சார் கண்டுபிடித்த நெற்றி. எவ்வளவு வேண்டிக்கொண்டாரோ அவ்வளவு சந்தனம் வைத்திருக்கிறார்.

ஜெபமலர் தலையைத் திருப்பிப் பார்த்தார். நீலகண்டன் சார் கதவோரம் நின்று, தங்கை கணக்குச் சொல்லிக்கொடுப்பதைக் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜெபமலர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் துடைக்கத் துடைக்க மஞ்சள் மஞ்சளாக வந்தது. ஒவ்வொரு பஞ்சையும் மடித்துச் சோற்று டப்பாவுக்குள் போட்டு மூடினார். பட்டனை விரலால் தட்டிப் பார்த்தார், துள்ளியது. முகப்பை மாட்டி, பிடுங்கிய வயரை அதன் இடத்தில் செருகினார். மேலே வகுப்பு ஒரு நொடிகூட நிற்கவில்லை.

"நாளைக்கும் இதே நேரம்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு டீச்சர் திரும்பினார். நீலகண்டன் சார் கதவோரத்திலிருந்து உள்ளே வந்தார்.

"என்ன கேடாக்கும் இருந்தது?"

"மழ ஈரம் சாரே."

டீச்சர் மூக்கை உறிஞ்சினார். அறை முழுக்கச் சந்தன வாசனை. ஜெபமலரைப் பார்த்தார், மூடிக் கிடந்த டப்பாவைப் பார்த்தார், கடைசியாக அண்ணனைப் பார்த்தார். கணக்கு டீச்சர் அல்லவா, விடை வந்துவிட்டது. "ஆமாம் அண்ணா. இந்த வருஷம் நல்ல மழை" என்றார்.

"அதானே பார்த்தேன். அம்பாள் கைவிடுவாளா?" நீலகண்டன் சாருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உள்ளே போனவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "இவ்வளவு நன்னா நடந்திருக்கு. ஒரு பொட்டு வெச்சுடறேன்."

 கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை எடுத்துக்கொண்டு அவர் குனிந்தார். விரல் நேராக அந்த வட்டப் பட்டனை நோக்கிப் போயிற்று. கடைசித் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்த ஜெபமலர், பெட்டி ஆடாமல் பிடிப்பதுபோல உள்ளங்கையால் பட்டனை மூடினார். கண்ணாடி போடாத நீலகண்டன் சாரின் விரல் அந்தப் புறங்கையில் போய் நின்றது.

"அடடா, தெரியலையே" என்று பதறி நிமிர்ந்தார் அவர்.

"இருக்கட்டு சாரே" என்றார் ஜெபமலர். கையைத் திருப்பி, பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டில் புறங்கையை வைத்துச் சற்று நேரம் அப்படியே இருந்தார். எடுத்தபோது, துளையோ பட்டனோ இல்லாத அந்தத் தகட்டின் நடுவில் பொட்டு பதிந்திருந்தது.