ஸ்டெல்லா மாட்டிய கறுப்பு ஃபில்டர்

செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் கத்தோலிக்கத் தமிழ்ப் பூசைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஷீலா ஒரே வரி எழுதியிருந்தாள்: அம்மா காலமாகிவிட்டார். பத்து நிமிடத்துக்குள் அதன் கீழே இருபது பேர் 'ஆர்.ஐ.பி. ஆன்ட்டி' என்று போட்டுவிட்டார்கள். நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களுக்கு இரங்கல் கடிதம் எழுதுவதைத் தனிப் பாடமாகவே நடத்தினார்கள். இறந்தவரைப் பற்றி உண்மையில்லாத எதையும் எழுதக் கூடாது என்பது அதன் முதல் விதி. அந்த விதிப்படி இதை இந்தக் குழுவில் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஸ்டெல்லா தூத்துக்குடிக்காரர். அங்கே ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். கணவர் போனபின் இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமான்ட் ஊரில் இருக்கும் மகள் ஷீலாவின் வீட்டுக்கு வந்தார். வந்த இடத்தில் கார் கையேட்டைப் படித்து, வீடியோக்களைப் பார்த்து, ஆயில் மாற்றக் கற்றுக்கொண்டார். முதலில் மகளின் கார், பிறகு பூசைக்கு வருகிற எங்கள் எல்லாருடைய கார்களும். சனிக்கிழமைகளில் அந்த வீட்டின் முன் கார் நிறுத்தும் டிரைவ்வேயில் இரண்டு கார்களாவது நிற்கும். "மக வீட்டுல பிள்ளைய பாக்க வந்தவன்னு சொல்லுததவிட, ஆயில் மாத்துத ஆன்ட்டின்னு சொன்னாத்தான்க்கா எனக்கு நல்லாருக்கு" என்பார். அவருக்கு இந்த ஊரில் சொந்தமாக இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

என் கணவர் விட்டுப்போன காருக்கு, அவர் உயிரோடு இருந்தவரை, பெயர் பெற்ற ஒரே நிறுவனத்தின் ஆயில் வடிகட்டும் ஃபில்டரைத்தான் வாங்குவார். அவர் போனபின் ஸ்டெல்லா மாட்டியது, கடைக்காரர்கள் தங்கள் சொந்தப் பெயரில் குறைந்த விலைக்கு விற்கும் கறுப்பு ஃபில்டர். மாட்டி முடித்தபின்தான் அதன் காலி டப்பாவைப் பார்த்தேன்.

"என்ன ஸ்டெல்லா இது, கடைச் சரக்கு? அவர் இருந்தா இத வீட்டுக்குள்ளயே விடமாட்டார்."

"டப்பாவப் பாத்துப் பேசாதியக்கா. வயித்தக் கிழிச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்."

பழைய ஃபில்டர்கள் இரண்டை, இரு வகையிலும் ஒன்றாக, எடுத்து வந்து இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்தார். உள்ளே இருந்த காகிதங்களைத் தரையில் விரித்து மடிப்புகளை எண்ணினார். கடைச் சரக்கில் காகிதத்தின் இரு முனைகளுக்கும் தகர மூடி. பெயர் பெற்றதில் வெறும் அட்டை.

"பாத்தியளா? இதுல அம்பத்தஞ்சு மடிப்பு. ஒங்க பெரிய வீட்டுப் பிள்ளைக்கு நாப்பத்திரண்டுதான். மடிப்பு கூடக்கூட அழுக்கு நல்லாத் தங்கும்." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களையும் ஸ்டெல்லா விடவில்லை. "சிரிக்காதிய. ரெண்ட அறுத்துப் பாத்து ஒலகத்துக்கே சொல்ல முடியாது. ஆனா வெலயப் பாத்து ஒண்ணுமே சொல்ல முடியாது."

அவர்களிடம் அவர் சொன்னது எனக்குக் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும்தான் விழுந்தது.

அடுத்த வாரம் அவரிடம் சொல்லாமல் ஒரு சர்வீஸ் கடைக்குப் போய், அந்தக் கறுப்பு ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, பெயர் பெற்ற வெள்ளை ஃபில்டரை மாட்டவைத்தேன். கழற்றும்போது பழையதன் ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டதை அங்கே யாரும் கவனிக்கவில்லை. அதன்மேலேயே புதியதை முறுக்கிவிட்டார்கள். இரண்டு வளையம் சேர்ந்தால் பிடிப்பு நிற்காது. லிவர்மோர் ஊருக்குப் போகும் வழியில், ஃப்ரீவேயில் ஆயில் முழுவதும் கொட்டிப் போயிற்று. காருக்குள் ஆயில் எச்சரிக்கைச் சிவப்பு விளக்கு எரிந்தது. போய்விடலாம் என்று ஓட்டினேன். எஞ்சின் இறுகி நின்றது. காரைத் தூக்கிப் பார்த்த மெக்கானிக், இரண்டு வளையங்களையும் உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார்.

ஆகவே எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, காருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடம், "ஸ்டெல்லா மலிவு ஃபில்டர் போட்டா. வேற என்ன ஆகும்?" என்றேன். எண்ணெய் வடியும் எஞ்சினின் படத்தையும் குழுவில் போட்டேன்.

அன்று மாலை ஸ்டெல்லா போன் செய்தார். "அக்கா, நான் போட்டது கறுப்பு. போட்டோல இருக்கது வெள்ள."

போனைக் காதிலிருந்து எடுத்து, குழுவில் நான் போட்ட படத்தைத் திறந்து பார்த்தேன்.

"சரிக்கா. வச்சிருதேன்."

அவர் அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் படமே சாட்சி. அடுத்த மாதத்திலிருந்து, "இனிமே கடையிலேயே சர்வீஸ் பண்ணிக்கிறோம் ஆன்ட்டி" என்று ஒவ்வொருவராக நழுவினீர்கள். டிரைவ்வே காலியாயிற்று. அவரைக் கஞ்சம் என்றீர்கள். அடக்கத்துக்குப் பிறகு கோயில் ஹாலில் அதே வாய்களால் எளிமையானவர் என்றீர்கள். உங்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை, தொடங்கிவைத்தது நான்.

அந்த ஹாலில் ஷீலா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஆன்ட்டி, உங்க கார் விஷயத்துல அம்மா நிஜமாவே தப்பு பண்ணிட்டாங்களா? எத்தனையோ தடவ ஆஸ்க் பண்ணிட்டேன். ஒண்ணுமே சொல்லல."

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்?" என்றேன். என் எழுபத்தெட்டு வயதில், சவப்பெட்டி போன வழியில் பூக்கள் கிடக்கும்போது, மறுபடியும் உண்மையை மறைத்தேன்.

ஷீலா, உன் அம்மா தப்பு செய்யவில்லை. அவர் மாட்டிய ஃபில்டரால் அந்தக் கார் கெடவில்லை. கெடுத்தது என் கர்வம்.

அதன்பின் நான் கார் வாங்கவில்லை. உங்களில் யாராவதுதான் என்னைப் பூசைக்கு ஏற்றிச்செல்கிறீர்கள். இதைப் படித்தபின் வாசலில் யாரும் வந்து நிற்காவிட்டால் காரணம் கேட்கமாட்டேன்.

ஸ்டெல்லாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஒன்று உண்டு. கார் கெட்டுப்போனபின் இந்த மூன்று வருடமும் கோயில் வாசலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், எல்லார் முன்னிலையிலும், "சொகமா இருக்கியளாக்கா?" என்று கேட்டார். ஒவ்வொரு முறையும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, சொன்ன பொய்யை யாரிடமும் ஒப்புக்கொள்ளாமலே நற்கருணை வாங்க நான் உள்ளே போனேன்.