தபசுகாலத்தில் வந்த இரண்டாவது அல்பம்

ஊர்காவற்றுறை டெறன்ஸ் காலையில் மீன் பிடிப்பான், பின்னேரம் றொக் குழுவில் ட்றம் அடிப்பான். குழுவின் முதல் அல்பம் கனடாவரை கலக்கிவிட்டு, ஊரில் பூப்படைந்த பெண்பிள்ளைகளின் சாமத்தியவீட்டு வீடியோக்களுக்குள்ளும் புகுந்துகொண்டது. ‘மைக்கலின்ரை பெடியன்’ என்றிருந்தவன் ‘ட்றம்மர் டெறன்ஸ்’ ஆனான். இரண்டாவதும் ஓடவேண்டும், இல்லாவிட்டால் ஊர் அவனைப் பழைய பெயருக்கே திருப்பி அனுப்பிவிடும்.

அதை வெளியிடத் தேதி குறித்தவன் ரொறன்ரோவில் இருக்கும் குழுவின் கிற்றார்க்காரன். அந்த அறிவாளி கோயில் கலண்டரைப் பார்க்கவில்லை. அல்பம் வந்து விழுந்தது தபசுகாலம் தொடங்கும் விபூதிப் புதனன்று. அந்த நோன்புக்காலம் தொடங்கினால் டெறன்ஸின் கத்தோலிக்கத் தெருவில் நாற்பது நாளும் இறைச்சியும் இல்லை, பாட்டும் இல்லை.

வெளிநாட்டில் கேட்டார்கள்தான். ஆனால் சொந்தத் தெரு மூச்சுவிடவில்லை.

“என்ன தம்பி, புதுப் பாட்டு ஒண்டும் காதில விழேல்லை? முதலாவது குருட்டுவாக்கில ஓடினதோ?” என்று பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்கா வேலிக்கு மேலால் சீண்டினாள்.

தபசுகாலம் முடிந்து, உயிர்த்த ஞாயிறு பூசையும் முடிந்து ஆட்கள் வீடு திரும்பினார்கள். முதலில் ஒரு வீட்டில் ஸ்பீக்கர் அலறியது. பிறகு எதிர்வீடு, பிறகு தெரு முழுக்க. எல்லாம் அவர்களுடைய புது அல்பம்தான், வீட்டுக்கு ஒரு பாட்டு. பிலோமினா அக்கா ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டே ஒரு சொல் பிசகாமல் கூடப் பாடினாள்.

“அக்கா, இண்டைக்குத்தானே போடுறியள். எப்பிடிப் பாடம்?”

“நாற்பது நாளும் காதுக்குள்ள வயரைச் செருகிக் கேட்டனான். கோயிலில பாவசங்கீர்த்தனத்திலயும் அந்தப் பாவத்தைச் சுவாமியாரிட்டைச் சொன்னனான்.”

“சுவாமி என்ன சொன்னவர்?”

“மூண்டாவது பாட்டுத்தான் திறமாம்.”

டெறன்ஸ் ட்றம்மைத் தெருவுக்கு இழுத்துவந்து, மூன்றாவது பாட்டிலிருந்தே தொடங்கினான்.