கைராசிக்காரியின் கீரைக் கூடை

விடியற்காலையைப் பற்றி அழகழகாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அவர்கள் யாரும் நனைந்த சாக்கு போட்டு மூடிய கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நடந்தவர்களாக இருக்க மாட்டார்கள். கூடைத் தண்ணீர் கழுத்தில் சொட்டி, முதுகில் ஓடி, இடுப்புச் சேலையில் வந்து நிற்கும். அந்த ஈரத்தோடுதான் அம்பத்தூர் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் கத்துவார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை, வண்டியெல்லாம் சேறாகும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனியில் வேலை போனதும் என் புருஷன் படுத்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் படுத்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நான் கீரை போட ஆரம்பித்தேன். விதைப்பது, களை எடுப்பது, கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றுவது, பறித்துக் கட்டுவது, விற்பது எல்லாம் நானே. படுக்கப் போனால் விரல்கள் மடங்கியது மடங்கியபடியே கிடக்கும். நிமிர்த்தினால் உயிர் போகும். பிள்ளைகள் தூங்கும் முகத்தைத்தான் அந்த வருஷங்களில் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

தண்ணீர் ஊற்ற ஆள் தேடியபோது வந்தவள்தான் அக்கா. என்னைவிட மூத்தவள். திருமுல்லைவாயில் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பையனாகப் பிறந்து, பெண்ணாகத்தான் வாழ்வேன் என்று வீட்டை விட்டுப் போய், பம்பாய் வரைக்கும் சுற்றித் திரும்பியவள். இன்றைக்குத் திருநங்கை என்று மரியாதையாக எழுதுகிறார்கள். அந்தச் சொல் அப்போது எங்கள் பக்கம் வந்திருக்கவில்லை. அப்போது இருந்த சொற்களை எழுத எனக்குக் கை வரவில்லை. நான் அக்கா என்றே கூப்பிட்டேன்.

"கடை கடையா கை தட்டிக் கேட்டுத் துன்னது போதும்மே. எனக்கு நாலு பாத்தி வுடு. நான் போட்ட கீரையை நானே விக்கறேன்" என்றாள்.

நிலத்து வேலை அவள் கைக்குப் பழகிய வேலை. சரி என்றேன். பெரிய மனசெல்லாம் இல்லை, என் இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவள் வந்தபின் பாதித் தண்ணீர்ச் சுமை குறைந்தது. நிலத்துக் கொட்டகையிலேயே தங்கினாள், பேச்சுத் துணையும் ஆயிற்று. என் முகத்தைப் பார்த்து "தூங்குமூஞ்சி" என்று பெயரே வைத்துவிட்டாள்.

மார்க்கெட்டில் பெண்கள் தரையில் சாக்கு விரித்து உட்காரும் வரிசை ஒன்று உண்டு. அதில் என் பக்கத்தில் அக்காவும் கூடையை இறக்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளே அவளுக்கு அங்கே ஏக மரியாதை. காரணம் போணி. காலையில் நடக்கும் முதல் வியாபாரம் நல்ல கையால் நடந்தால் அன்றைக்கு முழுக்க ஓடும் என்று எங்களுக்கெல்லாம் நம்பிக்கை. அக்காவின் கை ராசியான கை என்று எலுமிச்சம்பழக்காரி முதலில் சொன்னாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு காசை அவள் உள்ளங்கையில் வைத்து, அதையே அவளிடமிருந்து திரும்ப வாங்கிக் கண்ணில் ஒற்றி, கூடையைத் தொட்டுக்கொள்வார்கள். அவள் ஒன்றும் வாங்க வேண்டாம், அந்தக் கை பட்டால் போதும்.

அந்தக் கை கட்டிய கீரையை மட்டும் ஒருவரும் வாங்கவில்லை. ஒரே நிலம், ஒரே கிணறு. என் கூடை காலியாகும்போது அவள் கூடை அப்படியே இருக்கும். வாங்க வருகிறவர்கள் குனிவார்கள், அவள் முகத்தைப் பார்ப்பார்கள், நகர்ந்து என்னிடம் வருவார்கள். அமாவாசையன்று மட்டும் அவளிடமிருந்த அகத்திக்கீரை விற்றுத் தீரும். அது மாட்டுக்குக் கொடுக்கிற கீரை.

"என் கூடையில போடு, நான் வித்துக் குடுக்கறேன்" என்றேன். சில நாள் அப்படிச் செய்தோம். அப்புறம் அவளே வேண்டாம் என்றாள்.

"அப்ப அது உன் கீரையாப் பூடுது. என் கையால வாங்கி ஒருத்தராவது துன்னணும்."

"நான் வாங்கித் துன்னறேனே?"

"நீ எங்கூட ஒரே சட்டியில கை வெக்கிறவ. நீ கணக்கில்ல." சாக்கை உதறி மடித்துக்கொண்டே, "பொங்கல் வரைக்கும் பாப்பேன். இல்லன்னா பம்பாய்க்கே பூடறேன். அங்க கை தட்டறதுதான் எனக்கு எழுதியிருக்குதுன்னு வெச்சிக்கிறேன்" என்றாள்.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை. எலுமிச்சம்பழக்காரி வழக்கம்போல் காசை நீட்டினாள். அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள்.

"மொதல்ல எனக்கு யாராவது போணி பண்ணுங்க. அப்பால உங்களுக்குப் பண்றேன்."

வரிசை முழுக்க முணுமுணுப்பு. வேறு யார் கையிலாவது போணி செய்துகொண்டிருக்கலாம்தான். ஆனால் பழகிவிட்டதே! வாங்க வந்தவர்களைக்கூட "இரும்மா, இன்னும் போணி ஆவல" என்று நிறுத்திவைத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

கடைசியில் எழுந்தது கருவாட்டுக்காரம்மா. கழுத்தில் சிலுவை டாலர், ஞாயிறு தவறாமல் கோயில் பூசைக்குப் போகிறவர். அவர் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும். அவரும்கூட தினமும் அக்கா கையில் காசு வைத்து வாங்கினவர்தான்.

"சரி, ஒரு கட்டு குடு. ஊட்ல ஆடு கீது."

"ஆட்டுக்குன்னா இல்லம்மா."

"காசு குட்துதானே வாங்கறேன்? ஆட்டுக்குப் போடுவேன், குப்பையில போடுவேன். உனுக்கு இன்னா?"

"மாட்டுக்குத்தான் அமாவாசைக்கு அமாவாசை விக்கறேனே. இது மனுசங்களுக்கு."

கருவாட்டுக்காரம்மா அவளை முறைத்தார். பிறகு காசைக் கூடைக்குள் வீசி, ஒரு முளைக்கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார். அப்புறம் வரிசையே ஆளுக்கொரு கட்டு வாங்கியது. அக்கா எல்லோருக்கும் போணி பண்ணினாள். வெயில் ஏறுவதற்குள் அவள் கூடை காலி. "பாத்தியாடி தூங்குமூஞ்சி?" என்று என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

மத்தியானம் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தோம். குப்பைமேட்டில் கோயில் மாடு ஒன்று கீரை தின்றுகொண்டிருந்தது. அக்காவின் கட்டுகள். கட்டிய வாழைநாரைக்கூட யாரும் அவிழ்க்கவில்லை. நான் அவள் கையைப் பிடித்து வேகமாக இழுத்துப் போகப் பார்த்தேன். அவள் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அந்த வரிசையில் இருக்கிற ஒருத்தி முகத்திலும் இனி முழிக்கக் கூடாது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் முழிக்காமல் எப்படிச் சாப்பிடுவது?

சாயங்காலம் கொட்டகையில் அவள் துணிகளைப் பைக்குள் திணித்தாள். "பொங்கல் வரைக்கும் இன்னாத்துக்கு? இப்பவே போறேன்."

"நாளைக்கு ஒரு நாள் வாக்கா. பறிச்சி வெச்சது ரெண்டு கூடை கீது, நான் ஒருத்தி எப்படித் தூக்குவேன்?" என்றேன். முதலில் என் மனசில் வந்தது கிணற்றுத் தண்ணீர்தான். இனி அத்தனை குடமும் என் இடுப்புக்குத்தான். அதற்குப் பிறகுதான், என்னை வம்புக்கிழுக்க ஆள் இருக்காதே என்று தோன்றியது. அழுதுவிட்டேன். அவள் பையை மூடி மூலையில் வைத்தாள். "கூடை தூக்கத்தான் வரேன்" என்றாள்.

மறுநாள் அக்கா கூடையை இறக்கினாளே தவிர, சாக்கைக்கூட விலக்கவில்லை. கருவாட்டுக்காரம்மா தலைச்சுமையை இறக்காமலே நேரே அவளிடம் வந்தார்.

"இன்னாடி கீரை விக்கிற நீ? ஒரே மண்ணு! கடைஞ்சி சோத்துல போட்டுப் பெசைஞ்சா வாய் பூரா நறநறன்னுது. எம் மருமவன் வேற வந்துகீறான். தட்டுல கைய வெச்சவன் அப்டியே எழுந்துட்டான். மானமே பூட்ச்சு!"

ஆட்டுக்குப் போடாமல் அவர் சாப்பிட்டிருக்கிறார் என்பது எனக்கு மெல்லத்தான் உறைத்தது. அதற்குள் அக்கா விருட்டென்று எழுந்து இடுப்பில் கை வைத்தாள்.

"மண்ணுல வெளையாம கீரை இன்னா வானத்துல வெளையுதா? ஒரு தண்ணியில முக்கி எடுத்துட்டு என்னை வந்து கேக்கறியா? கீரை அலசத் தெரியாத பொம்பளை!"

"யாருக்குடி தெரியாது? நான் கடையிற கீரைக்குத் தெருவே வரும்டி!"

மார்க்கெட் முழுக்க வேடிக்கை பார்க்க, இரண்டு பேரும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டார்கள். அக்காவின் கண்ணிலிருந்து கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. அதைத் துடைக்காமலே அவள் கத்தினாள். நான் விலக்கிவிடப் போகவில்லை.

அன்று சாயங்காலம் கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பிடிக் கீரையையும் தண்ணீர் மாற்றி மாற்றி அலச வேண்டும் என்றாள். காலையிலிருந்து உட்காரவில்லை, இடுப்பு ஒடிகிறது, ஊரில் யாரும் இப்படி அலசி விற்பதில்லை என்று நான் கத்தினேன்.

"அந்தம்மா நாளைக்கும் வாங்கும். அது வாயில மண்ணு பட்டுதுன்னா உன்னைக் கொன்னுடுவேன், தண்ணி கொண்டா" என்றாள்.

திட்டிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போனேன்.