நிக்கல் பூசிய நாலு திருகு

பெரம்பலூரில் பாதி நாள் கரண்ட் இல்லாத காலத்தில் லேத் பட்டறை போட்டவன் நான். படிப்பு ஐந்தாவதோடு சரி. பழைய ஜீப் ஆக்சிலை வைத்து மக்காச்சோளம் உதிர்க்கும் மெஷின் செய்தேன் — குன்னம் பக்கம் இன்றும் ஓடுகிறது. அரியலூரில் சுண்ணாம்புக்கல் உடைக்கிற மெஷினுக்கு, 'இதுக்குக் கோயம்புத்தூர்தான் போகணும்' என்று எல்லாரும் கைவிட்ட ஷாஃப்ட்டை இரண்டே நாளில் கடைந்து கொடுத்தேன்.

இதெல்லாம் இந்த வாரப் பத்தியில் ஏற்கெனவே எழுதியதுதானே என்கிறீர்களா? எழுதியதுதான். ஆனால் ஒரு டாக்டர் பட்டத்துக்குத் திருகு போட்டவன் என்று சொல்லியிருக்கிறேனா?

போன வாரம் கவிதா வந்து, தன் ஆராய்ச்சியை எழுதிய, கறுப்பு அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றை என் மேஜையில் வைத்தாள். குன்னத்தில் பருத்தி போடும் என் நண்பரின் மகள். திருச்சியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி.

என்ன ஆராய்ச்சி? பீரோவில் போடும் அந்துருண்டை உருகாமலே காற்றாகப் போய்விடும், பார்த்திருப்பீர்கள். அதற்கு அண்ணன் முறையில் ஒரு பொருள். காற்றை உறிஞ்சிவிட்ட கண்ணாடிக் கூண்டுக்குள் அதைச் சூடாக்கி, ஆவியை ஒரு கண்ணாடித் துண்டில் படிய வைப்பாள். தலைமுடியை நூறாய்ப் பிளந்த கனத்தில் ஒரு படிகப் படலம்! அது எவ்வளவு நேரத்தில் பறந்து போகிறது என்று அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

"எதுக்கும்மா இது?" என்று அவள் ஆராய்ச்சி தொடங்கிய புதிதில் கேட்டேன்.

"ஒரு பொருள் எத்தன நாளைக்கு நிக்கும்னு தெரிய வேணாமா பெரியப்பா?"

அந்தக் கூண்டுக்குள் ஹீட்டரைப் பிடித்து நிற்கும் சட்டத்துக்குப் படம் வரைந்து கொடுத்தாள். "எல்லாம் ஸ்டீல்லயே இருக்கணும். வேற எதுவும் கூடாது." இரண்டு செட் செய்தேன். இரண்டாவதற்குச் சின்ன ஸ்டீல் திருகு தீர்ந்துவிட்டது. நிக்கல் பூசிய பித்தளைத் திருகு இருந்தது. பார்வைக்கு ஸ்டீலேதான், துருவும் பிடிக்காது. நீளம் கொஞ்சம் அதிகம்... நுனியை வெட்டி முடுக்கிவிட்டேன்; வெட்டின இடத்தில் மட்டும் பித்தளை மஞ்சள் தெரிந்தது. சொல்லவில்லை. நாலு திருகு ஒரு விஷயமா?

ஒரு வருடம் கழித்து வந்து நின்றாள். முதல் செட்டில் வளர்த்த படலங்கள் கணக்காக மறைந்து போகின்றனவாம். இரண்டாவது செட்டில் வளர்த்தவை போகவே மாட்டேன் என்கின்றனவாம். "காரணம் சொல்லு, இல்லன்னா எல்லா அளவையும் தூக்கிப் போட்டுட்டு முதல்லேருந்து ஆரம்பி" என்று அவளுடைய கைடு சொல்லிவிட்டார். உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. முதலிலிருந்து என்றால் படிப்பே போச்சு.

"ரெண்டு செட்டுக்கும் ஏதாச்சும் வித்தியாசம் உண்டா பெரியப்பா?"

"என் கையில வித்தியாசமா? எங்கிட்ட வேலை குடுக்குற போர்வெல்காரங்கள கேட்டுப் பாரு!"

"சரி பெரியப்பா."

நோட்டுகளைப் பையில் அடுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். என்னைச் சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சண்டை போட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன். அந்தச் 'சரி' இருக்கிறதே...

மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு பாப்பா. ரெண்டாவது செட்டுல நாலு திருகு பித்தளை. நாந்தான் போட்டேன்."

எழுந்து வந்தாள். இறங்க முடியவில்லை. படிக்கட்டில் சின்ன வெங்காய மூட்டை, அதன் மேல் மூட்டைக்காரர்.

"யோவ், மூட்டைய எடுய்யா! சனம் எறங்க வேணாமா?" என்று கத்தினார் கண்டக்டர்.

கவிதா மூட்டையையே பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"பெரியப்பா! பித்தளையில துத்தநாகம் இருக்குல்ல? சூட்டுல அது கெளம்பி வந்து படலத்துல ஒக்காந்திருக்கும். படிகத்துக்கும் இந்த மாதிரி படிப்படியா விளிம்பு உண்டு. அங்கேருந்துதான் ஒவ்வொண்ணா கழண்டு போவும். அந்த எடத்துல துத்தநாகம் மூட்டை கணக்கா ஒக்காந்துகிட்டா, யாரு எறங்குவா?"

"ஏம்மா, நீ எறங்குறியா, பாடம் நடத்துறியா?" — கண்டக்டர்.

எனக்கு வேலை அதோடு முடிந்தது. அவளுக்கு அப்போதுதான் ஆரம்பம். நான் விவரம் தெரியாமல் செய்த தப்பை அவள் வேண்டுமென்றே செய்தாள்! துளி துத்தநாகம், இன்னும் துளி என்று சேர்த்துச் சேர்த்து அளந்தாள். வேறொரு ஊர் மெஷினில் பழைய படலத்தை வைத்து, அதில் துத்தநாகம் இருக்கிறதா என்றும் பார்த்து வந்தாள். இருந்தது.

"நாந்தான் சொன்னேனே, நம்பலையா?" என்று கோபப்பட்டேன்.

"நம்புறேன் பெரியப்பா. ஆனா நம்புனத எழுத முடியாது. பாத்ததத்தான் எழுதலாம்."

வாழ்நாளெல்லாம், கெட்டுப்போன பாகத்தைப் பழைய இரும்பில் வீசியவன் நான். ஏன் கெட்டது என்று கேட்டே டாக்டர் ஆகிவிட்டாள் இந்தப் பெண். கும்பிடலாமா, வேண்டாமா?

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். நன்றிப் பக்கத்தை வாசித்துக் காட்டினாள். கைடுக்கு நன்றி. ஹாஸ்டல் சமையல்காரருக்கு நன்றி. கடைசியில் — 'பெரம்பலூரில் உள்ள ஒரு பட்டறைக்கும்' நன்றி.

ஒரு பட்டறையா?

"பேரப் போட்டா தப்பு உங்க மேலன்னு ஆயிடுமேன்னுதான் பெரியப்பா..."

ஆகட்டுமே! தப்பு என்னுடையதுதானே? அடுத்து வெளிநாட்டுப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பப் போகிறாளாம். இன்னும் நேரமிருக்கிறது. பாப்பா, துத்தநாகத்துக்கு ஒரு அத்தியாயமே கொடுத்தாய். அதை உள்ளே அனுப்பியவனுக்கு ஒரு வரி கொடு.

வாராவாரம் இந்தப் பத்தியின் தலையில் அச்சடிக்கிறார்களே என் பேர், அதே பேர். இனிஷியலோடு.