தண்ணி துப்பாத எஞ்சின்

போன வருஷம் சோளகக் காற்று அடிக்கிற காலம். பேசாலையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இது நடந்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் இந்தக் கரையில் என் கை படாத படகு எஞ்சின் குறைவு. ஒரே படகில் இரண்டு எஞ்சின் பூட்டி ஓட்டிக் காட்டினேன். மற்ற ஆட்கள் பிறகுதான் பழகினார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

என் மகள் கொம்பியூட்டரில் வீடு வரைந்து, உள்ளே நடந்து போவது போல வீடியோ ஆக்குவாள். கொழும்புக் கம்பனி ஒன்று, ஒரு வீட்டைச் செய்து அனுப்பு, பிடித்தால் ஊரிலிருந்தே நிரந்தர வேலை என்றது. வெள்ளிக்கிழமை பொழுது படுவதற்குள் அனுப்ப வேண்டும். பழைய மெஷினுக்கு அது ஏலாது. வெளிநாட்டு மச்சான் இரண்டு கிராபிக்ஸ் காட் அனுப்பியிருந்தான். இரண்டையும் பூட்டி, மெஷினின் மூளையையும் கம்பனி விட்ட வேகத்துக்கு மேலே ஓட்டினால் முடிக்கலாமாம். அதற்குப் பெயர் ஓவர்குளொக். அதைத் தாங்குகிற மதர்போட், எல்லாத்தையும் பூட்டுகிற பலகை, வேணும் என்றாள்.

"போட் எண்டால் எனக்குத் தெரியாத போட்டோ? நானும் வாறன் பிள்ளை."

மன்னார் டவுனில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் நானா ஒருவரின் கடை. இரண்டு போட்டை மேசையில் வைத்தார். ஒன்றில் கட்டி கட்டியாக இரும்பு. காட் பூட்டும் இரண்டு இடத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி. மற்றது இலேசு, எல்லாம் நெருக்கம், மினுங்குகிற லைட் வேறு. மகளின் கை முதலாவதுக்குத்தான் போனது. படகில் பாரம் கூடினால் வேகம் குறையும். எனக்கு அதுதான் கணக்கு.

"என்ன நானா, இறைச்சியை எலும்போட நிறுத்து விக்கிறீங்களோ?"

"அது சூடு இறக்கிற கட்டி, ஐயா."

"எஞ்சின்காரனுக்குச் சூடு படிப்பிக்காதேங்கோ."

மகள் என்னைப் பார்த்தாள். போட்டிலிருந்து கையை எடுத்தாள். இலேசானதை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை. மண் அள்ளி வீசுகிற காற்று. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. வேலை ஊர்ந்துதான் போனது. எனக்குப் பொறுக்கவில்லை.

"வேகத்தைக் கூட்டு பிள்ளை."

"காணும் அப்பா, இதுக்கு மேல வேண்டாம்."

"கூட்டு எண்டுறன்!"

கூட்டினாள். பெட்டி இரைந்தது. கருகல் மணம் ஒன்று வந்தது. திரை கறுத்துப் போனது. பிறகு வெளியே காற்றுச் சத்தம் மட்டும்.

அவள் அழவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். எனக்கு அதுதான் பயம். பெட்டியில் கை வைத்தேன்; சுட்டது. அப்போதுதான் உறைத்தது. எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினால் நான் முதலில் திரும்பிப் பார்ப்பது, அது தண்ணி துப்புகிறதா என்றுதான். கடல் தண்ணியை உறிஞ்சித் துப்பித்தான் அது சூடு ஆறும். துப்பாவிட்டால் உடனே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் இறுகிப் போகும். என் எஞ்சின்களுக்குக் குடிக்கக் கீழே ஒரு கடலே இருந்தது. இந்தப் பெட்டி சூட்டை எங்கே துப்புகிறது என்று நான் கேட்கவே இல்லை.

நானாவுக்குப் போன் போட்டோம். "சூடு தாங்காம தானா நிண்டிருக்கும். மூடியைக் கழட்டி, ஒரு காட்டை எடுத்துவிடுங்கோ. நல்லா ஆறவிட்டு, பழைய வேகத்திலயே ஓடுங்கோ," என்றார்.

மேசை ஃபேனைப் பெட்டிக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். சுவரில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. மடு மாதாவே என்று மனதுக்குள் கூப்பிட்டேன். அப்போது அவள் மெதுவாகச் சொன்னாள்:

"என்னையும் நீங்கள் இப்பிடித்தான் அப்பா. சின்னனிலயிருந்து கூட்டு, கூட்டு எண்டு."

ஃபேனைப் பெட்டிக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.

பெட்டி உயிர் பெற்றது. வீடியோவில் முடிந்த படங்களை அவள் ஒவ்வொன்றாகச் சேமித்து வைத்திருந்ததால் மிச்சம் கொஞ்சம்தான். ஒற்றைக் காட், சாதாரண வேகம். நிதானமாக ஓடி முடித்தது. பொழுது படுகிற நேரம் அனுப்பினாள். வேலையும் கிடைத்தது.

போட்டை மாற்றப் போனபோது நானா சிரித்தார். "எலும்பில்லாததோ ஐயா?"

"எலும்போடயே தாங்கோ."

இப்போதும் நான் பெருமை பேசுகிறவன்தான். ஆனால் மகளைப் பார்த்துக் "கூட்டு" என்று வாய் எடுக்கும் முன், பிள்ளை தண்ணி துப்புகிறாளா என்று ஒருதரம் திரும்பிப் பார்க்கிறேன்.